சாம்பிள் ரூமில் இன்னும் எத்தனை நாள்?

கேள்வி: வணக்கம் சார். சத்துவாச்சாரியில் வீடு, காட்பாடியில் வேலை, வயது 26. இன்ஜினியரிங் முடித்த கையோடு 2022-இல் ஒரு சின்ன கம்பெனியில் நான்காவது ஆளாகச் சேர்ந்தேன். கோச்சிங் சென்டர்கள் வீடியோவைக் கொடுக்கும், எங்கள் பிளேயரில் பிள்ளைகள் பார்ப்பார்கள். நேரலை வகுப்பும் உண்டு. முதல் இரண்டு வருடம் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கி, நெட்டில் ஓடும்படி மாற்றுவது), சர்வர், கஸ்டமர் போன் எல்லாமே நான்தான். போன வருடம் முதலீடு வந்தது, இப்போது 31 பேர். பெங்களூரிலிருந்து ஒருவரை எனக்கு மேலே போட்டிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக, தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடு என்கிறார். எழுதிக் கொடுத்தபின் என்னை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் ராத்திரி போன் மட்டும் இன்னும் எனக்குத்தான் வருகிறது. மூன்று வாரம் முன்பு ஞாயிறு மாலை 7 மணி நேரலையில் 4,000 பேர் உள்ளே வர முடியாமல் தவித்தார்கள். தட்டில் கை கழுவிவிட்டு ஓடினேன். சம்பளம் பிடித்தம் எதுவுமில்லாமல் 38,000. உயர்வு கேட்டால், 'லீட்' பதவியும் 2,000 ஈசாப் பங்குகளும் (ஊழியர் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் கம்பெனிப் பங்கு) தருகிறோம், சம்பளத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் நிறுவனர். யூடியூபைப் பெரிய விலைக்கு கூகுள் வாங்கிய கதையை அடிக்கடி சொல்வார். சென்னையில் ஒரு பெரிய ஐடி கம்பெனி 58,000 தருகிறது. கல்விக் கடனுக்கு மாதம் 11,000 போகிறது. மேல்விஷாரம் ஷூ கம்பெனியில் 25 வருடம் இருந்த அப்பா, சென்னைக்குப் போ என்கிறார். இருக்கட்டுமா, கிளம்பட்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேசிவிடுவோம். உங்கள் கேள்விக்கான பாதி பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

4,000 பேர் என்பது வீடியோவுக்குக் கூட்டமே இல்லை. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருக்கும் சிடிஎன் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் முறை அதற்கென்றே உருவானது. ஆகவே உங்கள் ஊர்க் கணக்குக்கு வீடியோ விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. விழுந்தது வாசற்கதவாக இருக்கும்: லாகின் சரிபார்ப்பு, 'இந்த மாணவருக்கு இந்த வகுப்பு உண்டா' என்று டேட்டாபேஸைக் கேட்கும் அந்தச் சின்ன வேலை. கல்யாண மண்டபத்தில் பந்தி தயார், இலை போட்டாயிற்று, சாம்பார் கொதிக்கிறது. ஆனால் வாசலில் ஒரே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொருவரின் பத்திரிகையையும் வாங்கிப் படித்துப் பார்த்து உள்ளே விடுகிறார் என்றால் எப்படி இருக்கும்? 7 மணி அடித்ததும் 4,000 பிள்ளைகளும் ஒரே நிமிடத்தில் பட்டனை அழுத்துகிறார்கள். திறக்கவில்லை. பிள்ளைகள் சும்மா இருக்குமா, திரும்பத் திரும்ப அழுத்தும். 4,000 கோரிக்கை 20,000 ஆகிவிடும். அப்போது சர்வரை எழுப்பி நிறுத்தினாலும் அடுத்த அலை வந்து அடித்துப் போட்டுவிடும்.

நீங்கள் ஓடிப்போய் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. இன்னும் இரண்டு சர்வரைச் சேர்த்துவிட்டு, ரீஸ்டார்ட் போட்டு, கோச்சிங் சென்டர்காரரிடம் போனில் சமாதானம் சொல்லியிருப்பீர்கள். சரியான வேலைதான். நான் கேட்பது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. வகுப்பு தொடங்கும்வரை பிள்ளைகள் ஆப்பில் காத்திருக்கும் அறையை 6.45-க்கே திறந்து விட்டீர்களா? முதல் முயற்சி தோற்றால் ஆப் உடனே திரும்ப முட்டாமல், ஒவ்வொரு போனும் வெவ்வேறு இடைவெளி விட்டு முட்டும்படி மாற்றினீர்களா? அந்த இரவு நடந்ததை யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்தீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் இன்னொரு ஞாயிறும் சோறு ஆறும்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டு பையர் ஒரு டிசைன் அனுப்புவார். அனுபவப்பட்ட நாலைந்து பேர் உட்கார்ந்து, பேட்டர்ன் வெட்டி, தோலைத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கையாலேயே ஒரு ஜோடி செய்வார்கள். பையர் ஒப்புக்கொண்டதும் அந்த ஜோடிக்கு சீல் வைத்து, இன்ன தோல், இன்ன நூல், அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று ஸ்பெக் ஷீட் எழுதி கீழே லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் லைனில் பத்தாயிரம் ஜோடி ஓடும். சாம்பிள் மாஸ்டரே ஒவ்வொரு ஜோடியையும் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கம்பெனியிலாவது வைத்திருக்கிறார்களா? ஸ்பெக் ஷீட் எழுதிவிட்டார் என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பியதுண்டா? அடுத்த டிசைன் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

நான்கு பேராக இருந்தபோது உங்கள் கம்பெனி முழுவதுமே ஒரு சாம்பிள் ரூம். இப்போது 31 பேர், லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் மட்டும் இன்னும் ஒவ்வொரு ஜோடியையும் கையால் தைத்துக் கொண்டிருக்கிறீர்கள். பெங்களூர்க்காரர் கேட்பது ஸ்பெக் ஷீட்.

அவர் கேட்ட விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். வந்த முதல் வாரமே, தெரிந்ததையெல்லாம் எழுது என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். எழுதி வாங்கிக்கொண்டு ஆளைக் கழற்றிவிடும் இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நின்று அடி வாங்கியவன் நான், அதையும் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பதினைந்து வருடத்துக்கு முன்பு சென்னையில் இப்படித்தான் ஒரு இளம் வீடியோ கம்பெனியில் இருந்தேன். வந்து விழும் வீடியோக்களை ஐந்து அளவுகளில் மாற்றித் தரும் டிரான்ஸ்கோடிங் சர்வர்கள் என் பொறுப்பு. வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கட்டளைகள், எந்த டிஸ்க் எப்போது நிரம்பும், நிரம்பினால் எதை அழிக்கலாம் எல்லாம் என் தலைக்குள்தான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் சிரசுக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். போன் சட்டைப் பையில் அடித்தால் காதில் விழாது. மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் 43 மிஸ்டு கால். டிஸ்க் நிரம்பி, 600 வீடியோ வரிசையில் நின்றிருந்தது. மறுநாள் காலை ரயிலேறும்போது எனக்கு வருத்தமே இல்லை தெரியுமா, பெருமையாக இருந்தது. நான் ஒரு நாள் இல்லையென்றால் கடையே நின்றுவிடுகிறது! ஆறு மாதம் கழித்து புதிய நேரலைப் பிரிவுக்குத் தலைமை ஏற்க ஆள் தேடினார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது மேலாளர் ஒளிக்காமல் சொன்னார்: உன்னை அங்கே தூக்கிவிட்டால் இதை யார் பார்ப்பது?

அந்த வேலையில் இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தேன்.

அதனால் எழுதுங்கள். ஆனால் 'எல்லாவற்றையும்' எழுத உட்காராதீர்கள், அது முடியாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள். ராத்திரி போன் எதற்கெல்லாம் வந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். உதாரணத்துக்கு, 'படம் ஓடுகிறது, சத்தம் இல்லை' என்று புகார் வந்தால் முதலில் எங்கே பார்ப்பது, எது காரணமாக இருக்கும், என்ன செய்தால் சரியாகும், சரியாகவில்லை என்றால் யாரை எழுப்புவது. மேலே உங்கள் பெயர், தேதி. பத்துப் பன்னிரண்டு பக்கம் சேர்ந்ததும் அவரிடம் கொடுக்கும்போது கூடவே ஒன்று கேளுங்கள்: "சார், இதை வைத்து ராத்திரி போனை நான்கு பேர் வாரம் ஒருவராக எடுத்துக்கொள்ளலாமா?" அவர் ஒப்புக்கொண்டால் அவர் உங்களுக்கு நல்லது செய்ய வந்தவர். தாளை வாங்கிக்கொண்டு போனை மட்டும் உங்களிடமே விட்டுவைத்தால், ஆள் யார் என்று புரிந்துவிடும். அவரைப் பற்றி வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

கையில் மிச்சமாகும் அந்த ராத்திரிகளை வைத்து என்ன செய்வது? இங்கேதான் உங்கள் எதிர்காலம் இருப்பதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒன்றரை மணி நேர வகுப்பு. 720 அளவுப் படத்துக்கு விநாடிக்கு 1.5 மெகாபிட் டேட்டா என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 4,000 பிள்ளைக்கு 4,000 ஜிபி. சிடிஎன்காரர் ஜிபிக்கு 2 ரூபாய் வாங்கினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு 8,000 ரூபாய். இப்போது அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு போர்டு, அதில் எழுதும் ஒரு வாத்தியார். பின்னணி அசையவே அசையாது. கிரிக்கெட்டில் போல புல்லும் கூட்டமும் ஓடவில்லை. இந்தப் படத்துக்கு 1.5 எதற்கு? எழுத்து தெளிவாகத் தெரிய 0.6 போதும் என்று சோதித்துக் காட்டினால் செலவு 3,200-க்கு இறங்கிவிடும். படத்தின் தன்மைக்கேற்ப அளவை மாற்றும் இந்த யோசனையை நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் வெளியே சொன்னது; அதுவரை எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுப் பட்டியல்தான். அவர்கள் சினிமாவுக்குச் செய்ததை நீங்கள் கரும்பலகைக்குச் செய்யலாம். ஜியோவின் ஒரு நாள் டேட்டாவை அண்ணன் தம்பி இருவர் பங்கிட்டுக்கொள்ளும் அணைக்கட்டுப் பக்கத்துப் பையனுக்கும் அது உதவும்.

இன்னொன்று தாமதம். வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு 6 விநாடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. பிளேயர் மூன்று துண்டு சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும், அதிலேயே 18 விநாடி போய்விட்டது. என்கோடிங், சிடிஎன் எல்லாம் சேர்த்தால் 25, 30 ஆகும். பையன் 'சார், மூணாவது ஸ்டெப் புரியல' என்று டைப் செய்து அது வாத்தியார் கண்ணில் படும்போது அவர் போர்டை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். இதற்கும் வழி இருக்கிறது, 2019-லேயே தாமதம் குறைந்த எச்எல்எஸ் வந்துவிட்டது. ஆனால் துண்டைச் சின்னதாக்கினால் சர்வருக்கு வரும் கோரிக்கை கூடும், சுமாரான நெட்டில் படம் சுற்றும். எவ்வளவு குறைத்தால் சத்துவாச்சாரியிலும் ஓடும், ஜவ்வாது மலையடிவாரத்திலும் ஓடும்? நான்கு வருடமாக கஸ்டமர் போன் எடுத்தவர் நீங்கள். பெங்களூரிலிருந்து வந்தவருக்கு இது தெரிய ஒரு வருடமாவது ஆகும்.

சரி, பணத்துக்கு வருவோம்.

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: கோட்டை இருக்கு ராஜா இல்ல, ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல. 1981-இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பப் பிரதிஷ்டை செய்தபிறகு மூன்றாவது மட்டும் பொய்யாகிவிட்டது. உங்களுக்குத் தருகிற 'லீட்' பதவி எனக்கு அந்தக் கோட்டையைத்தான் நினைவுபடுத்துகிறது. கீழே ஆள் உண்டா, ஆள் எடுப்பதில் உங்கள் பேச்சுக்கு இடமுண்டா, சிடிஎன் செலவில் முடிவெடுக்கலாமா? எதுவும் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு அச்சடித்த செலவுதான் மிச்சம்.

2,000 பங்கு என்பது, எத்தனையில் 2,000 என்று தெரியாதவரை ஒரு எண் மட்டுமே. ஒரு லட்சத்தில் 2,000 என்றால் 2 சதவீதம், ஒரு கோடியில் 2,000 என்றால் தூசி. மொத்தப் பங்கு எவ்வளவு, உங்களுக்கு என்ன விலை, கடைசியாக வந்த முதலீட்டாளர் ஒரு பங்குக்கு என்ன கொடுத்தார், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். முதலீட்டாளர் இதைவிடப் பத்து மடங்கு கேட்டிருப்பார். ஈசாப் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் போனால்தான் கைக்கு வரத் தொடங்கும், அது 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதி. பெரும்பாலும் நான்கு வருடத்தில் பிரித்துத்தான் தருவார்கள்.

வரியை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பங்கை 10 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், அன்று அதன் மதிப்பு 310 என்று வையுங்கள். 2,000 பங்குக்கு 6 லட்சம் வித்தியாசம். அந்த 6 லட்சம் உங்கள் சம்பளமாகவே கணக்கில் ஏறி வரி விழும், கையில் ஒரு பைசா வராவிட்டாலும். பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கை நினைத்த நாளில் விற்கவும் முடியாது. இந்த வரியைச் சில வருடம் தள்ளிப்போடும் சலுகை உண்டு, ஆனால் வருமான வரி விலக்குக்கான தனிச் சான்று வாங்கிய ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும். வெறும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் போதாது. உங்கள் கம்பெனியிடம் எது இருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: கம்பெனியை விற்றால் முதலில் பணம் யாருக்கு? முதலீட்டாளர் 15 கோடி போட்டு, கம்பெனி 20 கோடிக்கு விலைபோனால், பல ஒப்பந்தங்களில் அவர் தன் 15-ஐ எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் மற்றவர்களுக்கு வரும்.

யூடியூப் கதை உண்மைதான். 2005 பிப்ரவரியில் ஆரம்பித்து, 2006 அக்டோபரில் 165 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியது, அப்போது அங்கே வேலை செய்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அது லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவரின் கதை. சீட்டு வாங்கச் சொல்பவர் அந்தக் கதையைத்தான் சொல்வார். உங்கள் நிறுவனரிடம் நான் கேட்க விரும்புவது வேறு: வங்கியில் இருக்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும்? வருமானத்தில் எவ்வளவு ஒரே கோச்சிங் சென்டரிலிருந்து வருகிறது? மே மாதம் நீட் முடிந்ததும் வீடியோ பார்ப்பவர்கள் சரிந்துவிடுவார்களே, புது பேட்ச் சேரும்வரை எதை வைத்து ஓட்டுகிறார்கள்?

சென்னை வேலை. 58,000-இல் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து என்று 16,000 போகும், பி.எஃப். பிடித்தம் வேறு. மாதம் இரண்டு முறை காட்பாடிக்கு வந்துபோவதையும் சேர்த்தால் 40,000-ஐ ஒட்டி நிற்கும். வீட்டுச் சாப்பாட்டோடு வாங்கும் 38,000-க்கும் அதற்கும் அப்பா நினைக்கிற அளவுக்கு வித்தியாசமில்லை. அங்கே எந்த புராஜெக்ட் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ இன்சூரன்ஸ் மென்பொருளில் உட்கார வைத்தால் நான்கு வருட அனுபவம் அப்படியே துருப்பிடிக்கும். ஆனாலும் அந்த ஆஃபர் கையில் இருப்பது நல்லது. வெளியே உங்களுக்கு ஒரு விலை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் ஒரு வருடம் இருப்பேன். பங்கைச் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கமாட்டேன், சம்பளத்துக்கு மேலே கொடுத்தால் வாங்குவேன். குறைந்தது 47,000 கேட்பேன், 45-க்குக் கீழே இறங்க மாட்டேன். ராத்திரி போனை நான்கு பேருக்குப் பிரிக்க வேண்டும், என்கோடிங் செலவுக் குறைப்பு என் பெயரில் ஒரு வேலையாக வேண்டும் என்பேன். மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். சிடிஎன் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். ஒரு மாலைக்கு 4,800 ரூபாய் மிச்சம் என்றால், அந்த மாதிரி எத்தனை வகுப்பு ஓடுகிறது என்று அவரே மனசுக்குள் பெருக்கிக்கொள்வார். அதன்பிறகும் பதவிப் பெயரையே திருப்பிச் சொன்னார் என்றால் சென்னைக்கு டிக்கெட் போடுங்கள், அப்பாவும் சந்தோஷப்படுவார்.

நீங்கள் கேட்காத ஒன்று. 31 பேர் என்கிறீர்கள், சம்பளத்தில் பிடித்தம் எதுவுமில்லை என்கிறீர்கள். 20 பேரைத் தொட்டாலே நிறுவனம் பி.எஃப்.-இல் பதிவு செய்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளம் வரம்புக்கு மேல் இருப்பவரை, முன்பு பி.எஃப். கணக்கு இல்லையென்றால், விலக்கி வைக்க விதியில் இடமுண்டு. நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்களா, இல்லை கம்பெனியே இன்னும் பதிவு செய்யவில்லையா? வேறு எதையும் பேசுவதற்கு முன், வரும் திங்கட்கிழமை கணக்குப் பிரிவில் இதைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து, மேலே நான் சொன்ன ஒரு வருடம் ஆறு மாதமாகக்கூடக் குறையலாம்.